இரண்டாவது வரியில் நான் எழுதாத பெயர்

மகனே,

உன் கடிதம் வந்து இன்றோடு எட்டு நாளாகிறது. தபால்காரர் கொடுத்த அன்றே நான்கு முறை படித்துவிட்டேன். பதில் எழுத உட்கார்ந்தால் மட்டும் வீட்டில் இல்லாத வேலையெல்லாம் ஞாபகம் வந்தது. அரிசியில் கல் பொறுக்கினேன். பொறுக்கிய அரிசியையே மறுநாள் மறுபடி பொறுக்கினேன். திருத்தணியில் பெண்பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள், எந்தக் கேள்விக்கும் முழிக்காதவள் என்று பேர் வாங்கியவள், பெற்ற பிள்ளை கேட்டதற்கு எட்டு நாள் டபாய்த்திருக்கிறேன். சிரித்தால் சிரித்துக்கொள்.

நீ கேட்டதை நானே ஒரு முறை எழுதிப் பார்க்கிறேன், அப்போதுதான் தப்பிக்க முடியாது. அடுத்த மாதம் உனக்கும் எஸ்தருக்கும் நம் சர்ச்சில் கல்யாணம். சபையில் கல்யாண அறிவிப்பு, அந்த முதல் ஓலை, வாசிக்க இன்னும் மூன்று ஞாயிறுதான். உனக்கு இப்போது 'விசுவாசிக்கிறேன்' என்று தொடங்கும் விசுவாசப் பிரமாணத்தை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சின்ன வயதில் நான் ஞாயிறு பாடசாலையில் கரும்பலகையில் எழுதிக் காட்டிய நிரூபணத்தை நம்பித்தான் நீ நம்பினாயாம். "இயேசுவோட கல்லறை காலியா இருந்ததுக்கு நாலு காரணம் எழுதுனீங்கம்மா. மூணை அடிச்சீங்க. மிச்சம் நின்னது உயிர்த்தெழுதல், அதனால அதுதான் உண்மைன்னீங்க. அஞ்சாவது காரணம் ஒண்ணு இருக்கவே முடியாதுன்னு எங்க நிரூபிச்சீங்க?" இதற்குப் பதில் இருந்தால் சர்ச்சில் கல்யாணம், இல்லாவிட்டால் பெங்களூரிலேயே ரிஜிஸ்தர் ஆபீஸ். இதில் எதையும் எஸ்தரிடம் இன்னும் சொல்லவில்லை. அவ்வளவுதானே?

பதில் இல்லை, மகனே. ஐந்தாவது காரணம் இருக்க முடியாது என்று நான் எங்கும் நிரூபிக்கவில்லை. நிரூபிக்கவும் முடியாது. இது எனக்கு இன்று தெரிந்ததல்ல, நீ ஏழாவது படித்த வருஷத்திலிருந்து தெரியும். அதை ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். கொஞ்சம் நீளும். நீதான் சின்னதிலிருந்தே என் நீளமான பேச்சுக்குப் பழகியவன் ஆயிற்றே.

பொதட்டூர்பேட்டையில் எங்கள் வீட்டில் காலையில் கண் விழிப்பதே தறிச் சத்தத்தில்தான். பாதித் தெலுங்கு, பாதித் தமிழ் பேசும் வீடு. என் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் லுங்கி நெய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வேன். படிக்க வைத்ததும் அவர்தான். தெருவில் நாலு பேர், பொட்டப்பிள்ளைக்கு எதுக்கு டீச்சர் டிரெயினிங் என்று கேட்டபோது, "அவளுக்குக் கணக்கு வருது, எனக்கு வரல, போய்ப் படிக்கட்டும்" என்று அனுப்பினார். அங்கே ஹாஸ்டலில்தான் வேதாகமத்தைக் கையில் எடுத்தேன். யாரும் என்னை மயக்கவில்லை, யாரும் எதையும் கொடுத்துக் கூப்பிடவில்லை. நானே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, வடிவியலில் எழுதுவது போல தரவு, நிரூபிக்க வேண்டியது, நிரூபணம் என்று தலைப்புப் போட்டு எழுதினேன். தறிப் பாவில் இத்தனை ஆயிரம் இழை ஒழுங்காக நிற்கிறதென்றால் யாரோ கோத்திருக்கிறார்கள், ஆகவே உலகத்தையும் ஒருவர் கோத்திருக்கிறார். இது முதல் பக்கம். சீடர்கள் பொய்யென்று தெரிந்த ஒன்றுக்காக உயிரை விடமாட்டார்கள். இது இருபதாம் பக்கம். கடைசிப் பக்கம் வந்தபோது எனக்கு அத்தனை சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை இன்றைக்கும் பொய் என்று சொல்ல மாட்டேன். புத்தியால் ஒரு பொருளைத் தேடிப் போய்த் தொட்ட சந்தோஷம் அது, கடினமான கணக்கு விடையோடு ஒத்துப்போகும்போது வருமே, அது.

நோட்டை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய் நைனாவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்பது பக்கத்தையும்! அவர் தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். முடிந்ததும், "நீ சொல்றதுல எது தப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியலம்மா. ஆனா நான் முருகன்கிட்ட கணக்குப் பார்த்துகினு போகலியே" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பதில் சொல்ல முடியாதவர்கள்தான் இப்படிப் பேசுவார்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இருபத்திரண்டு வயதுத் திமிர். ஞானஸ்நானம் எடுத்தேன், உன் அப்பாவைக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு நைனா வரவில்லை. அதற்குப் பிறகு பதிமூன்று வருஷம் நானும் போகவில்லை, அவரும் வரவில்லை. பஸ்ஸில் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாத ஊர்.

உன் அப்பாவைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், பிறப்பிலேயே கிறிஸ்தவர், பேச்சு என்றால் காத தூரம் ஓடுகிற மனிதர். என் நோட்டை மூன்றாம் பக்கத்துக்கு மேல் ஒரு நாளும் படித்ததில்லை, தூங்கிவிடுவார். பாடத் தொடங்கினால் பக்கத்தில் இருப்பவர்கள் பாட்டை நிறுத்திவிட வேண்டியதுதான், அப்படியொரு குரல். இந்த மனிதருக்கு விசுவாசத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொண்டுதான் குடித்தனம் செய்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நம் வீடு மலையடிவாரத்துக்குப் போகிற தெருவில் இருந்ததால் ஆடிக் கிருத்திகை வந்தால் வாசலில் கால் வைக்க இடம் இருக்காது. சுத்துப்பட்டு ஊர்களிலிருந்தும் ஆந்திரா பக்கத்திலிருந்தும் பூக்காவடியோடு வெறுங்காலில் நடந்து வருவார்கள். தெருவில் எல்லா வீட்டிலும் குடத்தில் மஞ்சள் தண்ணீர் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, காவடி தூக்கி வருகிறவர்களின் காலில் ஊற்றுவார்கள். நம் வீடு மட்டும் அன்றைக்குக் கதவு சாத்தியிருக்கும். சாத்தியவள் நான். அந்தத் தண்ணீர் காலுக்கு ஊற்றுவதல்ல, காவடிக்குச் செய்கிற பூஜை, ஆகவே நமக்கு ஆகாது என்பது என் தீர்மானம். உன் அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். நீ ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு காவடி எண்ணுவாய், நானும் எண்ணுகிற பழக்கம் நல்லதுதானே என்று விட்டுவிடுவேன்.

நீ ஏழாவது படித்த வருஷம், கிருத்திகையன்று, உச்சி வெயில். "அம்மா, ஒரு தாத்தா நம்ம வீட்டு முன்னாடியே நின்னுகினு இருக்காரு" என்றாய். எட்டிப் பார்த்தேன். நைனா. மஞ்சள் வேட்டி, தோளில் காவடி, உடம்பில் பாதி போய்விட்டது. இரண்டு பக்கத்து வீடுகளிலும் தண்ணீர் ஊற்றக் கூப்பிடுகிறார்கள், இவர் நகரவில்லை. சாத்தின கதவைப் பார்த்தபடி நிற்கிறார். தார் ரோட்டில் ஒரு காலை மாற்றி ஒரு காலை வைக்கிறார். ஆனாலும் நான் கதவைத் திறக்கவில்லை. பதிமூன்று வருஷமாகச் சரி என்று சொன்னதை ஒரு நிமிஷத்தில் எப்படித் தப்பு என்பது?

உன் அப்பா அப்போதுதான் டியூட்டி முடிந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்காமல் சமையற்கட்டுக்குப் போய்க் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போனார். மஞ்சளும் போடவில்லை, ஒன்றும் போடவில்லை. குனிந்து உட்கார்ந்து நைனாவின் காலில் ஊற்றி, கையாலேயே தேய்த்துவிட்டார். நைனாவுக்குத் திக்கென்று ஆகிவிட்டது.

"ஐயோ, இன்னா மாப்பிள இது, உங்க சாமிக்கு ஆவுமா?"

"எங்க சாமியே கால் கழுவி உட்டவரு தாங்க மாமா."

இதுதான் உன் அப்பா தன் வாழ்க்கையில் செய்த ஒரே பிரசங்கம் என்று நினைக்கிறேன். நைனா ஜன்னல் பக்கம் திரும்பி என்னைப் பார்த்து, "ஏம்மா, நல்லா கீறியா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். காவடியை வழியில் இறக்கக் கூடாது, அதனால் அவர் அதற்கு மேல் நிற்கவில்லை. அரோகரா என்று நடந்துவிட்டார். அடுத்த ஆடிக்குள் அவர் போய்விட்டார் என்பது உனக்குத் தெரியும்.

இதுவரைக்கும் நீயே பார்த்தது. இனி எழுதுவது உனக்குத் தெரியாது.

தெருவில் சர்ச்சுக்கு வருகிற ஒருத்தர் பார்த்திருக்கிறார். அடுத்த வாரமே சபைக் கமிட்டி கூடியது, நானும் அங்கே இருந்தேன். அப்போது இருந்த போதகர் கண்டிப்பானவர், கெட்டவர் அல்ல. உன் அப்பாவைக் கூப்பிட்டு ஏன் செய்தாய் என்று கேட்டார்கள். இயேசு தன் சீடர்களின் காலைக் கழுவியதையெல்லாம் இவர் அங்கே சொல்லவில்லை. "வெயிலுங்க. பெரியவரு கால் வெந்துகினு இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளபடி பார்த்தால், இதைப் பெரிசு பண்ணாமல் விட்டுவிடலாம் என்ற யோசனைதான் பாதிப் பேருக்கு. அப்போது ஒருத்தர், "டீச்சரம்மாவைக் கேளுங்க. எதையும் சரியா யோசிச்சுச் சொல்றவங்க" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். உன் அப்பாவும் திரும்பினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதியைப் பார்த்தேன், மகனே. நம்ம வீட்டுக்காரி பேசிக் காப்பாற்றிவிடுவாள் என்ற நிம்மதி.

நான் எழுந்து நின்று நிரூபித்தேன். காவடி எடுப்பது வேறு தெய்வத்துக்குச் செய்கிற ஆராதனை, இது முதல் வரி. காவடிக்குத் தண்ணீர் ஊற்றுவது அந்த ஆராதனையில் ஒரு பகுதி, இது இரண்டாவது வரி. வேறு ஆராதனையில் பங்குகொண்டவர் சபையில் அப்பமும் திராட்சரசமும் வாங்குகிற திருவிருந்துக்கு வரக் கூடாது, இது மூன்றாவது. ஆகவே. யாருக்காகவும் உண்மையை வளைக்கக் கூடாது, புருஷனுக்காகவும்கூட என்று வேறு சேர்த்துச் சொன்னேன். ஒரு வரியில்கூட யாராலும் தப்புக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆறு மாதம் திருவிருந்து கிடையாது என்று முடிவாயிற்று. கமிட்டி முடிந்ததும் இரண்டு மூன்று பேர் என் நேர்மையைப் பாராட்டினார்கள். நானும் பூரித்துப்போனேன்.

ஆறு மாதமும் அப்பா கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நீ முன்னால் வரமாட்டேன் என்று அவர் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டாய். யாரோ கமிட்டிக்காரர்கள் செய்த அநியாயம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருக்கிறாய், அப்பா உன்னை அப்படியே நினைக்க விட்டுவிட்டார். கமிட்டி முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சாப்பிடும்போது அவர் பேசியது, "ரசத்துல உப்பு கம்மி" என்பது மட்டும்தான். கோபமாக இருந்தாலாவது திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். உப்பு டப்பாவை நகர்த்தி வைத்தேன், அவர் போட்டுக்கொண்டார், அவ்வளவுதான்.

அந்த ஆறு மாதத்துக்கு நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் நான் கல்லறை நிரூபணத்தைக் கரும்பலகையில் எழுதினேன். உடலைச் சீடர்கள் திருடவில்லை, பகைவர் எடுக்கவில்லை, பார்க்கப் போன பெண்கள் கல்லறை மாறிப் போகவில்லை, ஆகவே உயிர்த்தெழுந்தார். சாக்பீஸைக் கீழே வைப்பதற்குள் நீ கை தூக்கினாய். "அஞ்சாவதா ஒண்ணு நமக்குத் தெரியாம இருந்தா?" இப்போது எழுதியிருக்கும் அதே கேள்வி. மறந்துவிட்டாயா, இல்லை மறந்த மாதிரி இருக்கிறாயா, தெரியவில்லை. வேறு நாளாக இருந்தால் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன். பன்னிரண்டு வயதில் அந்தக் கேள்வி கேட்கிற பிள்ளை ஊரில் எத்தனை பேர்? ஆனால் எனக்குச் சுரீர் என்றது. அந்த ஒரு நொடியில் கரும்பலகை முழுக்க எனக்கு வேறு மாதிரி தெரிந்தது. இந்த நாலு வரியில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம் என்றால், கமிட்டியில் நான் சொன்ன மூன்று வரியில்? இரண்டாவது வரியில் நான் காவடிக்கு என்று சொன்னேன். தண்ணீர் விழுந்தது காவடியிலா? என் நைனாவின் காலில். அவர் பேரை நான் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் நிரூபணம் நிற்காது, அதனால் சொல்லவில்லை. அதிகப்பிரசங்கி என்று உன்னைத் திட்டி, எல்லாப் பிள்ளைகள் முன்னாலும் வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தேன். நீ அழவில்லை. அதற்குப் பிறகு சர்ச்சில் நீ ஒரு கேள்வியும் கேட்டதில்லை, நான் அதை அடக்கம் என்று ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது நீ கேட்டதற்கு வருகிறேன். வெறும் புத்தியை வைத்துக்கொண்டு கிறிஸ்துவை நம்ப முடியுமா? முப்பது வருஷக் கணக்கு டீச்சராகச் சொல்கிறேன், முடியாது. கொடுத்த தரவிலிருந்து விடைக்குப் போகத்தான் புத்திக்குத் தெரியும். தரவில் எதை எழுதுவது, எதை விடுவது, யார் சொன்னதைச் சாட்சி என்று எடுத்துக்கொள்வது, இதெல்லாம் பேனாவை எடுப்பதற்கு முன்னாலேயே மனசு முடிவு செய்துவிடுகிறது. எனக்கு நம்ப ஆசை இருந்தது, நாற்பது பக்கம் எழுதினேன். உனக்கு இப்போது ஆசை இல்லை, ஒரே வரியில் ஓட்டை போட்டாய். அதற்காகப் புத்தி வேண்டாம், கேள்வி கேட்காதே, கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று எவனாவது சொன்னால் அவன் பக்கம் போகாதே. அவனுக்குப் பதில் தெரியாது, அதுதான் விஷயம். என் கணக்கு என்னை வெகு தூரம் கூட்டிக்கொண்டு வந்தது, அதை நான் குறை சொல்ல மாட்டேன். நைனாவின் காலில் தண்ணீர் ஊற்ற மட்டும் அது என்னை விடவில்லை.

அப்படியென்றால் நீங்கள் எதை வைத்து நம்புகிறீர்கள் என்று கேட்பாய். உன் அப்பா அன்று சொன்ன அந்த ஒரு வார்த்தைதான். கால் கழுவுகிற கடவுள் ஒருவர் இருந்தால் அவரைத்தான் கும்பிட வேண்டும் என்று எனக்குப் படுகிறது. இது நிரூபணம் ஆகாது, தெரியும். அன்றைக்குத் தெரு முழுக்கத் தண்ணீர் ஊற்றியவர்கள் எல்லோரும் முருகனைக் கும்பிடுகிறவர்கள், அவர்கள் என் நைனா காலிலும் ஊற்றத்தான் கூப்பிட்டார்கள், கிறிஸ்தவள் வீட்டுக் கதவுதான் சாத்தியிருந்தது. நீ இதைச் சொல்லி என்னை மடக்குவதற்கு முன் நானே சொல்லிவிட்டேன். மடங்கிப்போன பிறகும் நம்பிக்கை போகவில்லை, என்ன செய்வது? காலையில் எழுந்தால் ஜெபம் செய்கிறேன். பாதி நாள் யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. மீதி நாள் தெரிகிறது.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் புதுப் போதகரிடம் அனுமதி கேட்டு எழுந்து நின்றேன். இத்தனை வருஷத்துக்கு முன் என் புருஷனுக்கு நான் செய்தது அநியாயம் என்று சபை முன்னால் சொன்னேன். கமிட்டியில் அன்று இருந்தவர்களில் இரண்டு பேர்தான் மிச்சம், ஒருத்தருக்குக் காது கேட்காது. சின்னப் பிள்ளைகள் எல்லாம் டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். போதகர், "அப்போ அவர் செஞ்சது சரிதான்னு சொல்றீங்களாம்மா, எந்த வசனப்படி?" என்று கேட்டார். "தெரியாதுங்க" என்றேன். நம் சர்ச்சுக்குள் நின்று அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஆனால் சொல்ல வேண்டிய ஆளிடம் சொல்லவில்லையே. அந்த ஆறு மாதம் முடிந்த பிறகும் உன் அப்பா பதினோரு வருஷம் என்னோடு இருந்தார். தினமும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாடு. நான் செய்தது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள் கிடைக்கவில்லை. இன்றைக்குச் சொல்லலாம், ஞாயிறு சொல்லலாம், கிறிஸ்துமஸ் ஆகட்டும் என்று தள்ளினேன். ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு நாள் அவருக்கு நினைவு இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அப்போது சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியாது. எந்தக் கணக்கைப் போட்டும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் நீ எனக்குப் பதில் எழுதிக்கொண்டு உட்காராதே. ஐந்தாவது காரணத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம். பெங்களூரிலிருந்து ரயில் ஏறி அரக்கோணத்தில் இறங்கு. எஸ்தர் வீட்டுக்குப் போய் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கு எழுதிய அதே வார்த்தைகளை அவளிடம் சொல். ஓலை வாசிப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடு. நம்பாததை நம்புகிறேன் என்று அவள் பக்கத்தில் நின்று சொல்லாதே, ரிஜிஸ்தர் ஆபீஸுக்குக் கூட்டிப்போய் மழுப்பவும் மழுப்பாதே. அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. அழுவாளோ, வேண்டாம் என்பாளோ, இருக்கட்டும் கூட வா என்பாளோ. அவள் வேண்டாம் என்றால் அடுத்த பஸ்ஸில் நேரே இங்கே வா, நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன். சரி என்றால் இரண்டு பேரும் வாருங்கள். சர்ச்சோ ஆபீஸோ, எங்கே கூப்பிட்டாலும் நான் வந்து நிற்கிறேன்.

இன்னொன்று. கரும்பலகை முன்னால் உன்னை நிற்க வைத்தேனே, நீ கேட்டது சரியான கேள்விடா. உன் அப்பாவிடம் காலத்தில் சொல்லாமல் விட்டதை உன்னிடமாவது சொல்லிவிடுகிறேன். நான் செய்தது தப்பு. என்னை மன்னித்துவிடு.

அம்மா